தீப்பெட்டி ஆபீசில் இட்லிப்பூ

நர்சரி வேலைக்கும் தோட்டப் பராமரிப்புக்கும் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பதியம் போடுவதும் கவாத்து செய்வதும் நீங்கள் படித்துவிட்டு வந்ததுதான். படிக்காததைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்வீர்கள். அதனால் நான் ஒரே ஒரு தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதைத் தோட்டம் என்று சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு தீப்பெட்டி ஆபீசைச் சுற்றி நட்ட செடிகள், அவ்வளவுதான். ஆனால் என் வேலைக்காலத்தில் வேறெந்த இடமும் என்னை இத்தனை யோசிக்க வைத்ததில்லை.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தங்கவேல் அண்ணாச்சியின் ஆபீஸ் ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. குச்சியை அடுக்குவதற்கும் முக்குவதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. பெட்டியில் அடைப்பதும் கட்டுப் போடுவதும் அங்கே அப்போதும் பெண்கள் கையில்தான். குச்சியின் தலையில் ஒட்டியிருக்கும் கலவையை அங்கே எல்லோரும் ‘மருந்து’ என்பார்கள். மருந்து முக்கினார்கள், மருந்து காய்ந்தது என்பது அங்கே அன்றாடப் பேச்சு.

அண்ணாச்சிக்கு ஒரு தொல்லை இருந்தது. மழைக்குக் கட்டடத்தைச் சுற்றி முளைக்கிற புல் மாசியில் காய்ந்து சருகாகிவிடும். தீப்பெட்டி ஆபீசை ஒட்டிக் காய்ந்த புல் நிற்கக்கூடாது என்று சோதனைக்கு வந்த அதிகாரி முந்தின வருடமே எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். புல்லைச் செதுக்கி எறிந்தால் வேறு வம்பு. வெறும் கரிசல் தரை வெடித்து, காற்றுக்குத் தூசி எழும்பி, சன்னல் வழியாக உள்ளே போகும். மருந்துக் கலவையில் தூசியும் மணலும் விழுவது நல்லதல்ல. ஆக, அவருக்கு வேண்டியது உயரமாக வளராத, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற, தரையை மூடிக்கொள்கிற ஒரு செடி.

மார்த்தாண்டத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனபோது, பக்கத்துக் காம்பவுண்டில் அப்படியொன்றைப் பார்த்துவிட்டார். குட்டை இட்லிப்பூச் செடி. முழங்கால் உயரத்தில் பாய் விரித்தது போல அடர்ந்து, கரும்பச்சை இலையும் சிவப்புப் பூவுமாக நின்றிருக்கிறது. யாரிடமும் கேட்காமல் அங்கேயே ஒரு லாரி நிறைய வாங்கி ஏற்றிவிட்டார். இறக்கிய பிறகுதான் எனக்கு போன் செய்தார்.

“செடியெல்லாம் வந்தாச்சு ராணிம்மா. நீங்க நட்டுக் குடுத்துட்டியன்னா போதும்.”

அது புளிப்பு மண்ணில் வளர்கிற செடி, அங்கே இருப்பது மழையில் ஊறிய செம்மண், நம்முடைய கரிசலில் சுண்ணாம்பு மிகுதி, ஓரடி தோண்டினால் சுண்ணாம்புச் சுக்காங்கல் வரும், செடி மஞ்சளித்துப் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். வாங்கியாயிற்றே என்றார் அவர். லாரியிலிருந்து இறக்கிய செடிகள் அதற்குள் வெயிலில் வாடத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு குழியிலும் செவல் மண் நிரப்பித் தந்தால் முயன்று பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நானும் பார்க்க விரும்பினேன். புத்தகத்தில் ‘வளராது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எப்படி வளராமல் போகிறது, எங்கிருந்து தொடங்குகிறது, எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டதில்லை.

தண்ணீர் விடவும் களையெடுக்கவும் முத்துலட்சுமியை வேலைக்கு வைத்தோம். ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் குடும்பம். புதியம்புத்தூரில் தையல் மிஷினில் உட்கார்ந்தே முதுகு போய்விட்டது, நடமாடிச் செய்கிற வேலையாக இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டு வந்தவள். ஆபீசின் உள்வேலைக்கும் அவளுக்கும் தொடர்பில்லை. வெளிக் குழாயிலிருந்து தண்ணீர் பிடிப்பாள், செடிகளோடு இருப்பாள், சாயங்காலம் போய்விடுவாள்.

ஐப்பசி மழையில் செடிகள் நன்றாகத்தான் வந்தன. அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் வெற்றிச் சிரிப்பு சிரித்தார். மழை நின்று, போர்வெல் தண்ணீர் விடத் தொடங்கியதும் கதை மாறியது. வேர் செவல் மண்ணைத் தாண்டிக் கரிசலைத் தொட்டிருக்க வேண்டும். தை மாதம் வந்த தளிர்களில் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் எலுமிச்சை நிறமாக இருந்தது. மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளித்தேன். தெளித்த இலை பச்சையானது. அடுத்து வந்த இலை மறுபடியும் மஞ்சள். மாசியில் இலை நுனிகள் கருகி உதிரத் தொடங்கின.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் செடிகள் செத்தால் புல்லைவிட மோசம். புல் சருகாகும். இது விறகாகும். குச்சி உலர்த்தும் கொட்டகையைச் சுற்றி நாமே விறகு அடுக்கி வைத்தது போலாகிவிடும். பங்குனியில் அதிகாரி மறுபடி வருவார்.

இதற்கிடையில் ஒரு நாள் முத்துலட்சுமி என்னைக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போனாள். “இங்கன மட்டும் ஏன்க்கா நல்லா இருக்கு?” என்று கேட்டாள்.

பின்சுவரை ஒட்டி ஒரு கட்டில் அகலத்துக்குச் செடிகள் மார்த்தாண்டத்தில் நிற்பது போலவே நின்றன. கரும்பச்சை. ஒரு பூங்கொத்துகூட வந்திருந்தது. அதற்கு ஓரடி தள்ளி எல்லாம் மஞ்சள். கோடு கிழித்தது போன்ற எல்லை. அதே நாளில் நட்டது, அதே தண்ணீர், அதே கை.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அதே பேச்சுதான். சுவரின் நிழலாக இருக்குமோ என்றேன். அதே சுவரின் நிழலில் அந்தப் பக்கமும் மஞ்சளாகத்தானே கிடக்கிறது என்றாள். மேலே தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதோ என்று பார்த்தோம். சொட்டவில்லை. பெண்கள் கைகழுவுகிற தண்ணீர் அங்கே வருகிறதோ என்று வாய்க்காலைப் பின்தொடர்ந்தோம். அது வேறு பக்கம் போனது. கடைசியில் ஒரு காரியம் செய்தோம். பச்சைத் திட்டிலிருந்து இரண்டு செடிகளை மண்ணோடு இல்லாமல் வேர் கழுவி எடுத்து மஞ்சள் பக்கம் நட்டோம். மஞ்சள் பக்கத்துச் செடிகள் இரண்டைப் பச்சைத் திட்டில் நட்டோம். வேர் பிடிக்கும் வரை நிழல் கட்டிக் காப்பாற்றினோம். புதுத் தளிர் வந்தபோது இடம் மாறிய செடிகள் நிறமும் மாறின. ஆக, செடியில் எதுவும் இல்லை. மண்ணில்தான் இருக்கிறது.

நீங்கள் இந்த வேலையில் எத்தனையோ முறை காரணத்தை ஊகிப்பீர்கள். ஊகம் தப்பில்லை. அதைச் செடியிடமே கேட்க ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், பணமும் கேட்காது.

மண் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரைட் ரைஸ் கடையில் கொஞ்சம் வினிகர் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு பக்கத்து மண்ணையும் தனித்தனித் தட்டில் வைத்து ஊற்றினோம். கரிசல் மண் சின்னதாக நுரைத்துச் சத்தம் போட்டது. அது சுண்ணாம்பின் வேலை. பச்சைத் திட்டின் மண் அசையவே இல்லை. முத்துலட்சுமி தட்டின் மேல் காதை வைத்துக் கேட்டாள். “இது ஊமையா இருக்குக்கா” என்றாள்.

அந்த இடத்தில் மட்டும் யார் சுண்ணாம்பைத் தின்றது? ஆபீசின் ஃபோர்மேன் மைதீன் பாயைத் தேடிப் போனேன். மருந்து கலக்குகிற அறையில் இருந்தார். வாசலிலேயே என்னை நிறுத்தி, சாவிக்கொத்தையும் கவாத்துக் கத்திரியையும் வெளியே வைக்கச் சொன்னார். உள்ளே இரும்பாலான ஒரு பொருளும் இல்லை. கரண்டிகூட மரம்தான்.

“ஈரமா இருக்குத மட்டும் இது வெறும் கூழு தங்கச்சி. காஞ்சு போச்சுன்னா இரும்பு பட்டு உரசக்கூடாது. கந்தகம் தனியா இருந்தா பயமில்ல, குளோரேட் உப்பு தனியா இருந்தா பயமில்ல. ரெண்டும் சேந்து காஞ்சு கெடந்தா அது வேற சாமான்.”

பின்சுவர் ஓரத்தைப் பற்றிக் கேட்டேன்.  பெரிய அண்ணாச்சி காலத்தில், அதாவது தங்கவேல் அண்ணாச்சியின் அப்பா இருந்தபோது, அங்கே ஒரு ஓலைக் கொட்டகை இருந்தது என்றார். கந்தக மூட்டை மட்டும் அடுக்குகிற இடம். மூட்டை கிழிந்து சிந்துவதும் மழையில் ஒழுகுவதும் வழக்கம். புதுக் கட்டடம் வந்தபோது கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்.

எனக்கு அங்கேயே கைதட்டத் தோன்றியது. சிந்திய கந்தகத்தை மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்பாக மாற்றியிருக்கின்றன. அந்தப் புளிப்பு அங்கிருந்த சுண்ணாம்பைக் கரைத்துத் தீர்த்திருக்கிறது. நாங்கள் பிறவிக் கரிசல் என்று நினைத்த நிலத்துக்கு நடுவில், யாரும் நினைக்காமலே ஒரு கட்டில் அகலத்துக்கு மார்த்தாண்டம் உருவாகிக் கிடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போனில் இதைச் சொன்னேன். அதோடு, இது பல வருட மழையில் நடந்த காரியம், இப்போது கந்தகம் போட்டால் உடனே பச்சையாகாது, அதிலும் உலர்த்தும் கொட்டகைப் பக்கத்தில் கந்தகத்தைக் கொண்டுவரவே வேண்டாம், நான் வந்து வேறு வழி சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவர் முதல் பாதியோடு நின்றுவிட்டார். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. கந்தகம் உள்ள கழிவு அவர் ஆபீசிலேயே தினமும் விழுகிறது. வழக்கமாக மருந்து அறையில் கூட்டி அள்ளியதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு அழித்துவிடுவார்கள். சில நாள் கழித்து அதில் ஒரு சட்டி எடுத்துச் செடிக்குப் போடச் சொல்லியிருக்கிறார். மைதீன் பாய் அன்று காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஈரமாக இருந்ததைத் தூவ வசதியாக இருக்கட்டும் என்று சுமைவேலைக்காரர் ஒருவர் வெயிலில் உலர்த்தி வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அவர் அந்தச் சட்டியை முத்துலட்சுமியிடம் கொடுத்துச் சொன்னது மூன்றே சொல். “செடிக்குப் போடுத மருந்து.”

முத்துலட்சுமிக்கு மருந்து என்றால் நான் கொண்டுவந்து தெளிக்கிற மருந்துதான். வேறெதை அவள் நினைப்பாள்?

நான் போனபோது வெயில் ஏறியிருந்தது. அவள் கொட்டகையின் வடபக்கப் பாத்தியில் நின்றுகொண்டிருந்தாள். காலி பிளாஸ்டிக் சட்டி சிமெண்டு நடைபாதையில் கிடந்தது. கையில் களைக்கொத்து. பாத்தியில் ஈரம் காக்க நான் பரப்பச் சொன்ன தென்னைநார் காய்ந்து கிடந்தது. அதன்மேல் செங்கல் நிறத்தில் பொருக்கும் தூளுமாக ஏதோ. குனிந்து பார்த்தேன். தீக்குச்சித் தலையை உதிர்த்துப் போட்டது போல இருந்தது. முந்தின வாரம் மருந்து அறை வாசலில் நின்றபோது மூக்கில் ஏறிய அதே வாடை.

அவள் கொத்தி மண்ணோடு கலக்கப் போகிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கொத்தின் நாக்கு இரும்பு. மண்ணுக்குள் முழுக்கச் சுக்காங்கல்.

கத்தலாம் என்றுதான் வாய் வந்தது. கத்தினால் அவள் பதறுவாள். பதறினால் கொத்தைக் கீழே போடுவாள். அந்த ஒரு நொடியில் எனக்கு வந்த யோசனை அவ்வளவுதான். தினமும் பேசுகிற குரலிலேயே பேசினேன்.

“முத்துலட்சுமி, அந்தக் கொத்தக் கீழ வைக்காத. கையிலயே வச்சுக்க. அப்படியே பைய பின்னால நடந்து சிமெண்டுக்கு வா.”

“இன்னும் கொத்தலக்கா.”

“கொத்த வேண்டாம். ஒரு வேலை இருக்கு, வா.”

வந்தாள். அடியில் தூள் ஒட்டியிருக்கும் என்று செருப்பை நடைபாதையிலேயே கழற்றி விடச் சொன்னேன். கொத்தை வாங்கித் தூரத்தில் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு மைதீன் பாயை அழைத்தேன். அவர் ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தார். நடைபாதையில் முட்டுப் போட்டு, தொடாமல், வெகுநேரம் பார்த்தார்.

“முக்குத மருந்துதான். நல்லாக் காஞ்சிருக்கு” என்றார். குழாயை நீட்டிப் பீய்ச்சலாமா என்று கேட்டேன். கூடாது, வேகமாக அடித்தால் தூள் பறந்து கொட்டகைப் பக்கம் போகும் என்றார். பூவாளியில் மழை தூறுவது போல ஓரத்திலிருந்து நனைத்து உள்ளே போக வேண்டும். நன்றாக ஊறிய பிறகு மரச் சட்டுவத்தால் நாரோடு அள்ளித் தண்ணீர் டிரம்மில் போட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

அந்த நேரம்தான் எங்களிடம் இல்லை. சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது. பெட்டி அடைக்கிற பெண்கள் பக்கவாசல் வழியாக வெளியே வந்து, அந்தப் பாத்தியின் குறுக்கே நடந்துதான் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போவார்கள். நடந்து நடந்து அங்கே ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது.

அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். பார்த்தவுடன் அவர் முகம் சாம்பிப்போனது. தான் சொன்னதுதான் இப்படி வந்து நிற்கிறது என்பது யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. முதலில் அவர் சொன்னது, பக்கவாசலைப் பூட்டுங்கள். அடுத்தது, உள்ளே யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் எதையும் மறைப்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. “சொன்னா பயந்து ஓடுவாக ராணிம்மா. ஓடுத கூட்டம் எங்க மிதிக்கும்னு யாருக்குத் தெரியும்?”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முத்துலட்சுமியை நானே காரணம் சொல்லாமல்தானே பாத்தியிலிருந்து வரவழைத்தேன். ஆனால் அவள் ஒருத்தி, என் கண்முன்னால் நின்றாள், அவளுடைய ஒவ்வொரு அடியையும் நான் சொல்ல முடிந்தது. உள்ளே இருப்பவர்கள் ஒரு கூட்டம். பூட்டிய கதவைத் தள்ளிப் பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள், யாராவது சன்னல் வழியாக எங்கள் மூவரையும் பூவாளியோடு பார்ப்பார்கள். பாதி தெரிந்த பயம் முழுக்கத் தெரிந்த பயத்தைவிட வேகமாக ஓடும். அதோடு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கதவு அவர்களுக்கு வேண்டும்.

கதவைப் பூட்ட வேண்டாம் அண்ணாச்சி, மணி அடிப்பதற்கு முன்னால், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடலாம், ஆபத்து எங்கே என்பதோடு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம் என்றேன். அவர் பாயைப் பார்த்தார்.

“உக்காந்திருக்குத ஆளு ஓடுததுக்கு முந்தி எந்திரிக்கணும் மொதலாளி. அதுக்குள்ள வழியச் சொல்லிப்புடலாம். நான் போய்ச் சொல்லுதேன்” என்றார் பாய்.

அண்ணாச்சி தலையசைத்தார்.

பாய் உள்ளே போனார். சன்னல் வழியாக அவர் குரல் எங்களுக்குக் கேட்டது. வடபக்கப் பாத்தியில் காய்ந்த மருந்து சிந்திக் கிடக்கிறது, நனைத்துக்கொண்டிருக்கிறோம், யாரும் பக்கவாசல் பக்கம் வர வேண்டாம், முதல் வரிசையில் இருந்து ஒவ்வொரு வரிசையாக முன்வாசல் வழியாகப் போய் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். அவ்வளவுதான் சொன்னார். நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி, எங்கள் தூக்குச்சட்டியெல்லாம் சாப்பாட்டுக் கொட்டகையில் இருக்கிறதே என்று கேட்டாள். எடுத்துவரச் சொல்லுகிறேன் என்றார் பாய். யாரும் ஓடவில்லை. அவர்கள் வருடக்கணக்கில் மருந்தோடு புழங்குகிறவர்கள். காய்ந்த மருந்து என்ற இரண்டு சொல்லில் அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நாங்கள் நனைத்தோம். அண்ணாச்சி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பூவாளியை எடுத்தார். வேண்டாம் என்று பாய் சொல்லியும் கீழே வைக்கவில்லை. ஓரத்திலிருந்து ஓரமாக, ஒரு அடி ஊறிய பிறகு அடுத்த அடி என்று போனோம். செங்கல் நிறத் தண்ணீர் நாருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.  கடைசி நார் டிரம்முக்குள் போனபோது பெண்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் முத்துலட்சுமியிடம் போனேன். வேப்பமரத்தடியில் அந்தக் கொத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பேசியதைக் கேட்டே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஆறுதல் கேட்கிற நிலையில் இல்லை. கோபமாக இருந்தாள்.

“நான் வயக்காட்டுல பொறந்தவ. ஒரம்னா ஒரம்னு சொல்லுவாக, பூச்சிமருந்துன்னா பூச்சிமருந்துன்னு சொல்லுவாக. இங்கன எல்லாத்துக்கும் ஒரே பேரு. எனக்கு என்னத்தக்கா தெரியும்?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நீங்களும் ஒரு வேலை இருக்குன்னுதான கூப்பிட்டிய” என்றாள்.

அப்போது சொல்லியிருந்தால் நீ பதறியிருப்பாய் என்றேன். “இருக்கும்” என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் கோபம் தணியவில்லை. அண்ணாச்சி அருகில் வந்து நின்றார். அவர் பேசுவதற்கு முன்னால் அவளே எழுந்து நின்று சொன்னாள்.

“நாளைக்கு வேலைக்கு வாரேன் மொதலாளி. ஆனா இனிமே எங் கையில எதக் குடுத்தாலும் அது என்னன்னு சொல்லிக் குடுக்கணும். சொல்லலன்னா வாங்க மாட்டேன்.”

“சரி தாயி” என்றார் அண்ணாச்சி.  அவர் தாயி என்று ஒரு வேலைக்காரப் பெண்ணை அழைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்தப் பாத்தியில் இருந்த செடிகள் அடுத்த வாரத்திலேயே கருகிச் செத்தன. குளோரேட் உப்பு களைக்கொல்லியாகவே பயன்பட்ட சரக்கு. பக்கத்துத் திட்டைப் பச்சையாக்கியது கந்தகம், இங்கே கொன்றது கந்தகத்தோடு சேர்ந்திருந்த அந்த உப்பு. செடிக்குத் தெளிப்பதற்கும் குச்சியில் முக்குவதற்கும் மருந்து என்று ஒரே பெயர் சொல்லிப் பழகியதுதான் அங்கே இருந்த சிக்கல். செத்த செடிகளை அன்றன்றே வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினோம்.

பங்குனியில் அதிகாரி வந்தார். மற்ற இடங்களைப் பார்த்துவிட்டு, இந்தப் பாத்தி ஏன் மொட்டையாகக் கிடக்கிறது என்று கேட்டார். நான் அண்ணாச்சியின் பக்கத்தில் நின்றிருந்தேன். எலி, பூச்சி, தண்ணீர் என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். அண்ணாச்சி நடந்ததை நடந்தபடி சொன்னார். கழிவை எடுக்கச் சொன்னது தாமே என்பதையும் சொன்னார்.  அதிகாரி மருந்து அறைக் கழிவை எடுக்கிற முறையை மாற்றி எழுதித் தரச் சொல்லி, அதுவரை கலக்கும் வேலையை நிறுத்தி வைத்தார். 

கொட்டகையைச் சுற்றி இட்லிப்பூ வேண்டாம் என்று நான் சொன்னதை இந்த முறை கேட்டுக்கொண்டார். அதற்கு பதிலாகப் பொடுதலையைப் பரப்பினோம். கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படர்கிற கொடி. கரிசலும் அதற்குச் சரி, உப்புத் தண்ணீரும் சரி, மிதித்தாலும் சாகாது, தண்ணீர் காட்டினால் கோடையிலும் பச்சை. ஆனால் அது தரையோடு கிடக்கும், பூ கண்ணுக்குத் தெரியாது, லாரியில் ஏற்றிவருகிற அளவுக்கு அழகில்லை. மீந்த இட்லிப்பூச் செடிகளை ஆபீஸ் முகப்பில் செங்கல் கட்டி, அடியில் கரிசல் படாமல் செவல் மண் நிரப்பிய மேடைப் பாத்தியில் வைத்தோம். மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து அதற்கு மட்டும் விட்டோம். அங்கே அவை பிழைத்தன. பின்சுவர்த் திட்டை மட்டும் நாங்கள் தொடவே இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அது பூத்துக்கொண்டுதான் இருந்தது. அங்கே எவ்வளவு ஆழம் வரைக்கும் மண் மாறியிருக்கிறது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எனக்கு இன்றும் தெரியாது. உங்களில் யாராவது போய்த் தோண்டிப் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் மேடைப் பாத்தியில் தண்ணீர் வடியாமல் சில செடிகளுக்கு வேரழுகல் வந்தது. நான் வேறோர் இடத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். ஆட்டோ வெளியே நின்றுகொண்டிருந்தது. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முத்துலட்சுமியிடம் நீட்டினேன்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. சும்மா நின்றாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

“இது வேரழுகலுக்கு. பூஞ்சையக் கொல்லுறது. தண்ணியில கரைச்சு வேருல ஊத்தணும். கையுறை போட்டுக்க. சாப்பிடுறதுக்கு முந்தி சோப்புப் போட்டுக் கழுவு” என்றேன்.

“தீப்பிடிக்குமா?”

“பிடிக்காது.”

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.